கோதுமைக்குப் பயந்தவர்கள்

1

போன வியாழக்கிழமை எனக்குக் கேக் வைத்து மெழுகுவத்தி ஏற்றினார்கள். பிறந்த நாள் இல்லை. நான் ரொட்டியை விட்டு அன்றைக்கு நான்கு வருடமாம். அதை நினைவு வைத்திருந்தவள் இவோன். இந்த நாட்டுக்காரி, என் வயதுக்காரி. எனக்கு உள்ள நோய்தான் அவளுக்கும். அரிசி மாவில் அவள் செய்த கேக் நடுவில் பிளந்து போயிருந்தது. பாரிசுக்கு வெளியே ஒரு மாதா கோயிலின் பின்கட்டு அறையில் ஏழு பேர் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டோம். ஏழு பேருக்கும் கோதுமை ஆகாது. மாதம் ஒரு வியாழன் இப்படிக் கூடுகிறோம். அந்த ஒரு வேளை மட்டும், யார் தட்டில் என்ன இருக்கிறதோ என்று பயப்படாமல் சாப்பிடுவோம்.

வீட்டுக்கு வந்தால் தம்பியின் கடிதம் கிடந்தது. ஊரில் சிலர் இன்னும் என்னைப் பற்றிப் பேசுகிறார்களாம். போன முறை வந்தபோது கோயிலில் நான் நன்மை, பூசையில் கொடுக்கிற அப்பம், வாங்கவில்லை என்று. அதனால் எழுத உட்கார்ந்தேன். கன்னியாஸ்திரிகளிடம் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள் நான். ஒரு பக்கம் எழுத ஒரு நாள் ஆகும். ஆகட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. என் எழுத்து கோணலாக இருக்கும், சொல்வது கோணலாக இருக்காது.

2

என் வீட்டுக்காரர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். நம் பக்கத்தில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்பார்கள். அதனால் நான் ஊருக்கே சொல்தாம்மா. அவர் போன பிறகு மகன் அல்பேர் என்னைப் பிரான்சுக்கு அழைத்துக்கொண்டான். வந்ததும் ஆபீசில் பிறந்த தேதி கேட்டார்கள். பெரும்புயல் அடித்த வருடம், மழை விட்ட மாதம் என்று சொன்னேன். அங்கே இருந்த அம்மாள் ஜனவரி ஒன்று என்று எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து எனக்குப் புது வருடத்தன்று பிறந்த நாள்.

இங்கே மூன்று வேளையும் மேசையில் ரொட்டி. மகனும் மருமகளும் விடியும் முன்பே வேலைக்குப் போகிறவர்கள். பேரப்பிள்ளைகளுக்குச் சோறு என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பண்டம், தமிழ் என்றால் ஆயாவின் பாஷை. எனக்கென்று தனியாக ஒரு பிடி அரிசி போடச் சொல்ல என் வாய் வரவில்லை. யாரையும் எதுவும் கேட்டு வாழ்ந்தவள் இல்லை நான். ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றேன்.

ஆறு மாதத்தில் வயிறு கெட்டது. பிறகு கெட்டபடியே நின்றுவிட்டது. ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தேன். மாடிப்படி ஏறும்போது கண் இருட்டும். ஒரு தடவை தெருவிலேயே ஆகிவிட்டது. அதை இவ்வளவுதான் எழுத முடியும். வயிற்றில் கட்டி என்று நானே முடிவு செய்துகொண்டேன். சாவுக்குப் பயமில்லை என்று பெருமை பேசினவள்தான். ஆனால் இந்தக் குளிரில், மண்ணைத் தோண்டக்கூட இயந்திரம் வேண்டியிருக்கிற ஊரில், என்னைப் புதைப்பார்கள் என்று நினைத்தபோது பயந்துவிட்டேன்.

மகன் டாக்டரிடம் அழைத்துப் போனான். எனக்குப் பாஷை தெரியாது, அவன்தான் நடுவில்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவுதுன்னு கேக்கறாரும்மா."

பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? "ரெண்டு" என்றேன். உண்மையில் ஒன்பது.

"வேற இன்னாம்மா தொந்தரவு?"

"ஒண்ணும் இல்ல. குளிரு ஒத்துக்கல, அவ்வளவுதான்."

டாக்டர் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார். அந்த ஒரு பொய்யால் இன்னும் நான்கு மாதம் ரொட்டி தின்றேன்.

3

கடைசியில் குளியலறையில் விழுந்து, ஆம்புலன்சில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்தான் இவோன். எலும்பும் தோலுமாக இருந்தாள், என்னைப் போலவே. நர்சு வந்து அவளிடம் என்னவோ கேட்டாள். அவள் எட்டு விரலைக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பிப் புருவத்தைத் தூக்கினாள். அல்பேர் அறையில் இல்லை என்று பார்த்துக்கொண்டு நான் ஒன்பது விரலைக் காட்டினேன். அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

மறுநாள் ஒரு சின்னக் குப்பியை மெல்லிய குழாயில் கட்டி விழுங்கச் சொன்னார்கள். அது குடலுக்குள் இறங்கி, நகக்கண் அளவு சதையைக் கவ்விக்கொண்டு வருமாம். வாயிலிருந்து குழாய் தொங்க அரை நாள் படுத்திருந்தேன். தூண்டிலில் மாட்டிய மீனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. இவோன் தன் கட்டிலை விட்டு இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முந்தின நாள் அவளுக்கும் அதைச் செய்திருந்தார்கள்.

முடிவு வந்ததும் டாக்டர் மகனுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு காகிதத்தில் கோதுமைக் கதிரைப் படமாகப் போட்டு, அதன் மேல் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். என்னிடம் ஒன்று, இவோனிடம் ஒன்று. மிச்சத்தை மகன் வந்து சொன்னான். கட்டி இல்லை. கோதுமைதான் குடலை அரித்திருக்கிறது. ஒரு துணுக்குகூட இனிமேல் வாயில் படக்கூடாது, சாகும்வரை.

ரொட்டியை விட்டேன். பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு மாதம் போயும் வயிறு அடங்கவில்லை. டாக்டர் தவறாகச் சொல்லிவிட்டார், கட்டியேதான் என்று மறுபடி பயம் பிடித்தது. இவோன் என் சமையலறைக்கு வந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மேசையில் அடுக்கினாள். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், புளி. எல்லாம் ஊரிலிருந்து வந்தவை. என்னவோ சந்தேகமாகக் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊர்ச் சாமான் என்னைக் கெடுக்குமா? அவள் விடவில்லை. கடைசியாகப் பெருங்காய டப்பாவை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்து, அதை என் கையில் கொடுத்துவிட்டு, அதில் எழுதியிருந்ததை விரலால் தட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். பொடிப்பொடியாக, கடைசி வரியில், மைதா.

தினம் ரசத்தில் நானே போட்டுக்கொண்டிருந்தேன். அதை நிறுத்திய பிறகுதான் உடம்பு தேறியது. அன்றிலிருந்து இவோன் எனக்கு யார் என்று நான் யாருக்கும் விளக்குவதில்லை. அவளுக்கு இடியாப்பம் பிழியத் தெரியும். எனக்கு அவள் பாஷையில் நாற்பது சொல் தெரியும், அதில் முப்பது சாப்பாட்டுச் சொல்.

4

உடம்பு தேறியதும் மழைக்காலத்தில் ஊருக்கு வந்தேன். அனுமந்தைக்கும் மரக்காணத்துக்கும் நடுவில் என் தம்பிக்குக் கொஞ்சம் உப்பளம் உண்டு. எனக்கு ஒரே நிம்மதி, அங்கே எல்லாம் சோறுதானே என்று. கோயிலை நான் யோசிக்கவே இல்லை.

நற்கருணை அப்பம் கோதுமை மாவில் செய்வது. இங்கே பிரான்சில் ஒரு வயதான சாமியார், யாருக்கும் சொல்லாமல், எனக்குக் கிண்ணத்திலிருந்து திராட்சை இரசம் மட்டும் கொடுத்துவந்தார். நம் ஊர்ப் பங்குக் கோயிலில் புதிதாக வந்திருந்த சாமியார் சின்ன வயதுக்காரர். நான் சொன்னதும் அவருக்கு வேர்த்துவிட்டது.

"நானா முடிவு எடுக்க முடியாதும்மா. மேல இருக்கற மேற்றிராணியாருக்கு எழுதிக் கேக்கறேன். பதில் வர்ற வரைக்கும் பொறுத்துக்குங்க."

"பொறுத்துக்கறேன் சாமி. ஆனா இது யாருக்கும் தெரியக் கூடாது."

ஞாயிறு பூசையில் எல்லோரும் எழுந்து நன்மை வாங்கப் போனார்கள். நான் மட்டும் முழந்தாளில் இருந்தேன். பெண்கள் பக்கத்தில் அத்தனை இடமும் காலி, நடுவில் நான் ஒருத்தி. நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. சொல்ல முடியாத பாவம்.

அடுத்த வாரமே தம்பி பெண்சாதி பிலோமி வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. கெணத்தடியில ஒரு மாதிரி பேசிக்கறாங்க."

"இன்னா பேசிக்கறாங்க?"

"நீங்க வேதத்தையே வுட்டுட்டீங்களாம். இன்னும் சிலபேரு, வெள்ளைக்காரன் ஒருத்தனைக் கோயில்ல கட்டாமயே கட்டிக்கினீங்கன்னு..."

அறுபத்திரண்டு வயதில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். சிரித்திருக்க வேண்டும், சிரிப்பு வரவில்லை. வயிற்றுப்போக்கு என்று ஊரில் சொல்வதைவிடப் பாவி என்று பெயர் எடுப்பது மேல் என்று வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் வேறு பயம். ஆண்டவர் என்ன நினைப்பார்? வாங்கினால் குடல் போகும், வாங்காவிட்டால் ஆத்துமம் போகும்.

5

உப்பளம் தண்ணீரில் கிடக்கிற மாதங்களில் வேலை இருக்காது. தம்பியிடம் உப்பு வாருகிற செங்கேணி அப்போது எங்கள் வீட்டில் நெல் குத்த வருவாள். எப்போதும் இடுப்பில் குழந்தை. பச்சையம்மா என்று பெயர், மூன்று வயது. பார்த்தால் ஒன்றரை வயது சொல்லலாம். பானை போல வயிறு, குச்சி குச்சியாகக் கைகால், செம்பட்டையான முடி. இறக்கிவிட்டால் நிற்காது. சாக்கில் போட்டால் போட்ட இடத்தில் கிடக்கும்.

முதல் நாளே அது சாக்கை அசிங்கம் பண்ணியது. செங்கேணி கழுவி எடுத்துப் போனாள். அந்த நாற்றம் எனக்குத் தெரியும். சாதாரணமாகக் குழந்தைகள் போகிற நாற்றம் இல்லை அது. ஒரு வருடம் என்னோடு இருந்த நாற்றம்.

தெரிந்தும் நான் பேசவில்லை. இதை எழுதத்தான் இத்தனை நாள் ஆயிற்று. நான் டாக்டரா, எல்லா வயிறும் என் வயிறா என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. வாயைத் திறந்தால் என் கதை வெளியே வரும். அதற்குப் பயந்து இரண்டு வாரம் அந்தக் குழந்தையைப் பார்க்காதவள் போல நடந்தேன்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள், குழந்தையின் கண்ணோரம் ஈ உட்கார்ந்திருந்தது. அது கண்ணைச் சிமிட்டவே இல்லை. போய் ஈயை விரட்டினேன்.

"ஏன்டி, இதுக்கு இன்னா?"

"சவலைன்னாங்கம்மா. பூச்சி மருந்து குடுத்தாச்சு, தாயத்து கட்டியாச்சு. முன்னாடி ஒண்ணு இப்படித்தான் போச்சு." உலக்கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"இன்னா துன்னுது?"

"கோயில்ல குடுக்கற கோதுமக் கஞ்சிதான். ஒடம்பு தேறட்டும்னு நாங்க வாயில வெக்கறதில்ல, எல்லாம் அதுக்கே ஊத்தறோம்."

அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த கோதுமை ரவை அது. மழைக்காலத்தில் எங்கள் பங்கில் சனிக்கிழமைதோறும், சாதி வேதம் பார்க்காமல் ஏழைகளுக்கு அளந்து கொடுத்தார்கள். அதை வைத்துத்தான் பல அடுப்பு எரிந்தது.

"அத நிறுத்துடி. இன்னிக்கே நிறுத்து."

உலக்கை நின்றது. "இன்னாம்மா சொல்றீங்க? இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் நிறுத்திட்டு மண்ணையா ஊத்தறது? நீங்க பிரான்சுல இருக்கீங்க, உங்களுக்குப் பேச்சு."

"எனக்கும் இதே நோவுதான்டி. ஒம்போது தரம் போயிருக்கேன் ஒரு நாளைக்கு. தெருவுல போயிருக்கேன்."

என் வாயிலிருந்துதான் வந்தது. செங்கேணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள் அவள். ஆனால் எங்கள் சனங்கள் ஒருவருக்கும் தோன்றாதது அவளுக்கு உடனே தோன்றியது.

"அதனாலதான் கோயில்ல அந்த அப்பத்தை நீங்க வாங்கலியா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

6

மறுநாள் பஸ் ஏறிப் புதுச்சேரியில் ஒரு குழந்தை டாக்டரிடம் போனோம். நான் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். இந்தப் பக்கத்தில் இந்த நோயை அவர் பார்த்ததில்லையாம்.

"டெஸ்ட் பண்ண இங்க வசதி இல்லம்மா. ஒரு மாசம் கோதுமைய நிறுத்திப் பாருங்க. ஆனா ஒண்ணு, அதுக்குப் பதிலா அரிசியோ கேழ்வரகோ நல்லா போகணும். பட்டினி போட்டீங்கன்னா பட்டினியிலயே போயிடும்."

திரும்பும்போது, பஸ் கூனிமேடு தாண்டியதும், செங்கேணி மெதுவாகக் கேட்டாள். "அரிசிக்கு எங்கம்மா போறது?"

நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். "நீங்க தை மாசம் போயிடுவீங்க. அப்புறம்? சும்மா வாங்கித் துன்னு பழக்கம் இல்லம்மா." என்னைவிடத் திமிர் பிடித்தவளாக இருந்தாள். எனக்கு அது பிடித்தது.

சனிக்கிழமை கோயில் வளாகத்தில் கோதுமைக்கு வரிசை நின்றது. நாற்பது ஐம்பது பெண்கள், கையில் பையும் படியுமாக. செங்கேணியும் நின்றாள். அவள் பங்கை வாங்கி, வேண்டியவர்களிடம் கொடுத்து அரிசியாக மாற்றிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. கேட்க வேண்டியது நான்தான். ஆரம்பித்தேன். கோதுமை என்று சொன்னதுமே, மீன் விற்கிற ஆரோக்கியம் பாய்ந்தாள்.

"ஏம்மா, கோதும வெஷம்னு நீங்க பரப்பி, நாளைக்கு மூட்டைய நிறுத்திட்டா யாரு சோறு போடறது? வெள்ளைக்காரன் ஊர்ல வயிறாரத் துன்னுட்டு வந்து எங்க பொழப்புல மண்ணப் போடறீங்களே!"

"உனக்கு அது நல்லதுதான், தாராளமா துன்னு. எனக்கும் இந்தக் கொழந்தைக்கும்தான் ஆகாது." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கீழே விழுந்தது, குப்பியை விழுங்கியது, நன்மை வாங்காதது. ஒன்பது தடவையையும் சொன்னேன்.

சாமியார் கோயில் வாசலில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு ஆரோக்கியம்தான் வாயைத் திறந்தாள்.

"ஒம்போது தரமா! பாரீசுல கக்கூசு வூட்டுக்குள்ளயே இருக்கும்பாங்களே, அதான் பொழைச்சீங்க. நம்மூரா இருந்தா கடக்கரைக்கும் வூட்டுக்கும் நடந்தே செத்திருப்பீங்க!"

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் செங்கேணியின் பையைப் பிடுங்கித் தன் பையில் கவிழ்த்தாள்.

"படிக்குப் படி அரிசி. சாயங்காலம் வந்து வாங்கிக்க. ஏ, இன்னா பாக்கறீங்க? அடுத்த வாரம் யாரு? கேவுரு இருந்தாலும் குடுங்கடி."

வாரத்துக்கு இருவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். மூன்று பெண்கள் அன்றைக்கே என்னிடம் தனியாக வந்து தங்கள் வயிற்றுத் தொந்தரவைச் சொல்லிவிட்டுப் போனார்கள். இத்தனை வருடம் அதைச் சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை. மேற்றிராணியாரின் பதில் நான் கிளம்பும்வரை வரவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு, நன்மை வாங்கித் திரும்பிய ஆரோக்கியம் தன் பழைய இடத்துக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு முழந்தாளிட்டாள்.

7

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போலப் பயந்த நாட்கள் என் வாழ்வில் இல்லை. எனக்குக் கட்டி என்று நினைத்தபோது போகிற உயிர் என்னுடையது. இது வேறொருத்தியின் பிள்ளை. வாயில் இருந்த கஞ்சியைப் பிடுங்கியவள் நான். ஏதாவது ஆகிவிட்டால் நோய் கொன்றது என்று யார் சொல்வார்கள்? செங்கேணி என்னைக் கேட்கமாட்டாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

தினம் சாயங்காலம் உப்பளக் கரைமேல் நடந்து அவள் குடிசைக்குப் போவேன். குழைந்த சோற்றை விரலால் மசித்து ஊட்டுவோம். இரண்டு வாய் வாங்கும், மூன்றாவது வழிந்துவிடும். ஐந்தாம் நாளும் அப்படியே. எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. ஆரோக்கியம் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "கர்த்தர் வுட்ட வழி" என்றாள். அன்றைக்குக் கோதுமையையே மறுபடி ஊற்றிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. பத்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆனால் குழந்தை கண்ணைத் திறக்கவே சோம்பியது போலக் கிடந்தது.

மழை விட்டு, உப்புப் பாத்திகளை மிதித்துச் சரிசெய்கிற வேலை தொடங்கியிருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். தூரத்தில் கரைமேல் செங்கேணி ஓடி வருவது தெரிந்தது. முழங்கால் வரை சேறு. அவள் இடுப்பில் குழந்தை இல்லை.

அவளை நான் வெறும் இடுப்போடு பார்த்ததே கிடையாது. கையிலிருந்த சொம்பு கிணற்றுக்குள் விழுந்தது.

"எங்கடி பாப்பா?"

அவளுக்கு மூச்சு வாங்கியது. கையை மட்டும் குடிசைப் பக்கம் நீட்டினாள்.

"சொல்லுடி, இன்னா ஆச்சு?"

"அழுவுதும்மா." அவளும் அழுதுகொண்டிருந்தாள். "பசிக்குதுன்னு அழுவுது. காலையில போட்டத முழுசாத் துன்னுடுச்சு. இன்னும் போடுன்னு சட்டியத் தூக்கி அடிக்குது. வூட்ல ஒரு பருக்க இல்ல. கொஞ்சம் சோறு குடுங்கம்மா."

சும்மா வாங்கித் தின்னமாட்டேன் என்றவள், கையேந்தி நின்றாள். நான் அடுக்களைக்குள் போய்ச் சோற்றுப் பானையை அப்படியே தூக்கினேன்.

"அக்கா, அது அவருக்கு எடுத்து வச்சது!" என்று பிலோமி கத்தினாள்.

"உன் புருஷன் ஒரு வேள சும்மா இருக்கட்டும்."

ஈரக் கரையில் இருவரும் ஓடினோம். பாதி வழியில் பானையை அவள் வாங்கிக்கொண்டாள். குடிசைக்கு இன்னும் நான்கு பாத்தி இருக்கும்போதே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் இத்தனை நாள் எங்கே இருந்ததோ, தெரியவில்லை. செங்கேணி நின்றுவிட்டாள்.

"கேக்குதாம்மா?"

"கேக்குது" என்றேன். "நிக்காத, நட."